உங்களுக்குத் தெரியுமா? பம்பர் முதல் மிரர் வரை… வீட்டிலேயே கார் பெயிண்ட்!

சைடு மிரர் கவர் நிறம் மங்கிவிட்டதா? கறுப்பு பம்பர் சாம்பல் பூத்துக் கிடக்கிறதா? திருவனந்தபுரம் பழவங்காடி பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே சாலைக் கடைத்தெருவுக்குள் நுழையுங்கள். ஒரு ஸ்ப்ரே கேன், நாலு உப்புத்தாள், ஒரு சுருள் மாஸ்கிங் டேப். வீட்டு முற்றத்திலேயே வேலையை ஆரம்பித்துவிடலாம்! ஆனால் அந்தப் பைக்குள் இருக்கும் ஒவ்வொரு சாமானுக்குப் பின்னாலும் ஓர் ஆச்சரியம் ஒளிந்திருக்கிறது. எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிட்டோம். பிடியுங்கள்!

ஊர் மண்ணே பெயிண்ட்!

வெள்ளைக் காருக்கு அந்த வெள்ளையைக் கொடுப்பது டைட்டானியம் டை ஆக்ஸைடு. அதற்கான தாது எங்கே கிடைக்கிறது தெரியுமா? கொல்லம் பக்கத்துச் சவறா கடற்கரையில்! கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில்! அதிலும் அது என்ன நிறம் என்கிறீர்கள்? கன்னங்கரேல்!

இந்தியாவிலேயே முதன்முதலில் இந்த வெள்ளைப் பொடியைத் தயாரித்த கம்பெனி எது? டிராவன்கூர் டைட்டானியம் புராடக்ட்ஸ். 1946இல் தொடங்கியது. இடம் கொச்சுவேளி. பழவங்காடியிலிருந்து பத்துக் கிலோமீட்டர்கூடக் கிடையாது!

மணவாளக்குறிச்சி மணலின் மகிமையை 1909இல் உலகுக்குக் காட்டிக்கொடுத்தது எது? ஏற்றுமதியான கயிறு! நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் ஷாம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இங்கே மோனசைட் கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார்!

வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. ரூட்டைல் வகை டைட்டானியம் டை ஆக்ஸைடுக்கு? சுமார் 2.7! ஒளியை வளைப்பதில் வைரத்தையே தோற்கடிக்கும் பொடி உங்கள் வெள்ளை பம்பரில் இருக்கிறது!

அதே டைட்டானியம், அதே ஆக்ஸிஜன். அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. அனட்டேஸ் வகை வெயிலில் நின்றால் மேல்பூச்சு சுண்ணாம்பாய் உதிரும். ரூட்டைல் வகை ஆண்டுக்கணக்கில் தாங்கும். அதனால்தான் காருக்கு எப்போதும் ரூட்டைல்!

சவறாவில் இருக்கும் கேரளா மினரல்ஸ் அண்ட் மெட்டல்ஸ் நிறுவனத்தில் 2011இல் டைட்டானியம் ஸ்பாஞ்ச் ஆலை திறந்தார்கள். ஆண்டுக்கு 500 டன் திறன்! தொழில்நுட்பம் ஹைதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தினுடையது. பணம் கொடுத்தது திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். கார்க் கதவுக்கும் ராக்கெட்டுக்கும் ஒரே கடற்கரை மணல்!

கிளிமானூர் ராஜா ரவிவர்மா தம் கையால் ஒருமுறைகூடத் தொடாத வெள்ளை எது? டைட்டானிய வெள்ளை! அவர் மறைந்தது 1906. அந்த வெள்ளை தொழிற்சாலையில் பிறந்தது சுமார் பத்தாண்டு கழித்து. அதற்கான மணலோ அவர் பிறந்த சமஸ்தானத்துக் கரையிலேயே கிடந்தது!

விரல்தான் முதல் எதிரி!

பழவங்காடி கோயிலின் பிரபலமான வழிபாடு தேங்காய் உடைப்பது. உடைத்த கையோடு பம்பரைத் தொட்டுவிடாதீர்கள்! ஒரே ஒரு விரல் ரேகை அளவு எண்ணெய் போதும். அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காமல் விலகி ஓடும்!

பெயிண்ட் காய்ந்ததும் வட்ட வட்டமாய்ச் சின்னக் குழிகள் தெரிகிறதா? பெயிண்டர்கள் அதை மீன்கண் என்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி யார் தெரியுமா? டேஷ்போர்டைப் பளபளப்பாக்க நீங்களே ஆசையாய் அடித்த சிலிக்கான் பாலிஷ்!

தேய்த்துவிட்டுக் கழுவலாமா, கழுவிவிட்டுத் தேய்க்கலாமா? கழுவிவிட்டுத்தான்! அழுக்கோடு தேய்த்தால் உப்புத்தாள் போடும் ஒவ்வொரு கீறலுக்குள்ளும் எண்ணெய் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எத்தனை முறை துடைத்தாலும் வராது!

சுத்தமாகிவிட்டதா என்று சோதிக்க மெஷின் வேண்டாம். தேய்த்து முடித்த பாகத்தின் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். முத்து முத்தாய்த் திரண்டால் எண்ணெய் பாக்கி. ஒரே படலமாய்ப் பரவினால் சுத்தம்! விமானத்துக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் செய்யும் சோதனையும் இதேதான்!

ஊசி போடும் முன் கையில் துடைக்கிறார்களே, ஐசோபுரோபைல் ஆல்கஹால்? பம்பரின் கடைசித் துடைப்புக்கும் அதுவே! துணி மட்டும் நூல் உதிராததாக இருக்க வேண்டும்.

பிளாஸ்டிக்கா? எந்தப் பிளாஸ்டிக்?

பம்பரைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சின்ன எழுத்தில் அதன் ஜாதகமே அச்சாகியிருக்கும்! பிபி என்றால் பாலிபுரோப்பிலீன். ஏபிஎஸ் என்றால் அது வேறொரு பிளாஸ்டிக். இப்படிக் குறியிட உலகத் தர விதியே இருக்கிறது. அதன் எண் ஐஎஸ்ஓ 11469!

பிபி என்று போட்டு, கூடவே இபிடிஎம், டி20 என்றும் இருக்கிறதா? இபிடிஎம் என்பது ரப்பர். டி20 என்பது 20 சதவீதம் டால்க். முகத்துக்குப் பூசும் பவுடரில் இருக்கும் அதே டால்க். பம்பரில் ஐந்தில் ஒரு பங்கு அதுதான்!

பாலிபுரோப்பிலீன் மேல் எதுவும் சுலபத்தில் ஒட்டாது. பசை ஒட்டாது, பெயிண்டும் ஒட்டாது! தண்ணீரின் பரப்பு ஆற்றல் 72 என்றால் இதற்கு வெறும் 30 சொச்சம். அதனால்தான் பிரைமருக்கும் முன்னால் அட்ஹீஷன் புரமோட்டர் என்று ஒரு பூச்சு. அதைத் தவறவிட்டால் பெயிண்ட் முழுசாய்த் தோல் உரியும்!

கார் ஆலைகளில் இதே பிரச்சினைக்கு என்ன செய்கிறார்கள்? ரோபோ கையில் தீச்சுடரைக் கொடுத்து பம்பர் மேல் ஓடவிடுகிறார்கள்! கண்ணிமைக்கும் நேரம் தீ தொட்டதுமே பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு மாறிவிடும். அதன்பின் பெயிண்ட் கெட்டியாய்ப் பிடிக்கும். வீட்டில் இதை முயலவே கூடாது!

நகப் பூச்சை அழிக்கும் அசிட்டோன் ஒரு சொட்டு. ஏபிஎஸ் பிளாஸ்டிக் மேல் விழுந்தால் பிசுபிசுவென்று கரைந்துவிடும். பாலிபுரோப்பிலீன் மேல் விழுந்தால் ஒன்றுமே ஆகாது! ஆகவே எந்தத் தின்னரையும் முதலில் உள்பக்கம் ஒரு மூலையில் தொட்டுப் பாருங்கள்.

பாலிபுரோப்பிலீனை உருப்படியான பிளாஸ்டிக்காக்கிய இத்தாலியர் ஜூலியோ நாட்டா. ஆண்டு 1954. ஒன்பதே ஆண்டில், 1963இல், கார்ல் சீக்லருடன் சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு!

கார் பம்பர் என்றாலே இரும்பும் குரோமும் என்றிருந்த காலம். 1972இல் பிளாஸ்டிக் பம்பரோடு வந்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த குட்டிக் கார் ரெனோ 5!

கிரில்லில் மின்னும் குரோம் இரும்பு இல்லை. பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்! மேலே இருக்கும் குரோமியப் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கண்ணைப் பறிக்கும் பளபளப்புக்கு உண்மையான சொந்தக்காரர் அடியில் இருக்கும் நிக்கல்!

அந்தக் குரோமைக் கறுப்பாக்க ஆசையா? தேய்க்காமல் அடித்தால் ஒரு வாரத்தில் உரியும். பாளமாய்ப் பெயர்ந்திருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பெயர்ந்த குரோமின் விளிம்பு பிளேடையே மிஞ்சும்!

ஒரே காரில் பானட் ஒரு வெள்ளை, பம்பர் இன்னொரு வெள்ளை! கவனித்திருக்கிறீர்களா? இரும்பு உடலின் அடிப்பூச்சைச் சுடும் வெப்பம் 160 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் பம்பர் கோணிப்போகும். அதனால் அதைத் தனியாக, 80 டிகிரி வாக்கில் சுடுகிறார்கள். பிறக்கும்போதே இரண்டும் வேறு வேறு!

கறுப்பு ட்ரிம் வெயிலை இத்தனை ஆண்டு தாங்குவது எதனால்? புகைக்கரியால்! கார்பன் பிளாக் என்ற அந்த நுண்ணிய கரித்தூள் புற ஊதாக் கதிரை விழுங்கிவிடும். உலகில் தயாராகும் கார்பன் பிளாக்கில் பெரும்பங்கு எங்கே போகிறது? டயருக்கு!

தேய்! தேய்! தேய்!

உப்புத்தாளுக்கு வயது என்ன? 13ஆம் நூற்றாண்டுச் சீனாவிலேயே அது உண்டு! நொறுக்கிய கிளிஞ்சல், விதை, மணல் எல்லாவற்றையும் பிசினால் தோல்தாளில் ஒட்டித் தேய்த்தார்கள்!

நம் ஊரில் அது மரத்திலேயே காய்த்தது! பராய் மர இலை சொரசொரவென்று இருக்கும். மரச் சாமானையும் தந்தத்தையும் அதை வைத்தே தேய்த்து மெருகேற்றினார்கள். திருச்சி அருகே திருப்பராய்த்துறைக் கோயிலின் தலமரமும் அதுவேதான்!

தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் 1921இல் வந்தது. கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் ஃபிரான்சிஸ் ஓக்கி. தொழில்? மை தயாரிப்பு! பிளேடுக்குப் பதிலாக முகச்சவரத்துக்கே உப்புத்தாளைச் சிபாரிசு செய்தவர் அவர் என்று சொல்வார்கள்!

அந்தத் தாளை உலகம் முழுக்க விற்ற 3எம் கம்பெனி 1902இல் எதற்காகத் தொடங்கப்பட்டது? குருந்தக்கல் தோண்ட! தோண்டிப் பார்த்தால் வந்தது உதவாத கல். அதன்பின்தான் அவர்கள் உப்புத்தாளுக்கே மாறினார்கள்!

தாளின் பின்பக்கம் பி400, பி2000 என்று எண் இருக்கும். எண் ஏற ஏற மணி சிறுக்கும். பி400இல் ஒரு மணி சுமார் 35 மைக்ரான். பி2000இல் வெறும் 10 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமனே சுமார் 70!

ஆலையிலிருந்து வரும் காரில் பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்த்து எவ்வளவு தடிமன்? 100 முதல் 150 மைக்ரான்! ஜெராக்ஸ் தாள் ஒன்றே 100 மைக்ரான் இருக்கும். ஒன்றரைத் தாளுக்குள் அத்தனை அழகு!

பழைய பெயிண்ட் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டுமா? வேண்டவே வேண்டாம்! கெட்டியாய் ஒட்டியிருந்தால் பளபளப்பு மட்டும் போகத் தேய்த்தால் போதும். புதுப் பெயிண்டுக்கு அதுவே அருமையான தரை!

கிரில்லின் இடுக்கு, மிரர் கவரின் வளைவு. தாள் அங்கெல்லாம் நுழையாது. சாம்பல் நிற நார்ப்பட்டை நுழையும்! ஏறத்தாழ 600 முதல் 800 எண் தாளின் வேலையைப் பார்த்துவிடும்.

ஒட்டு! மறை! பிறகு அடி!

மாஸ்கிங் டேப் பிறந்ததே கார் பெயிண்டுக்காகத்தான்! இரண்டு நிறக் கார் அடிக்கும்போது கோடு நேராக வராமல் அமெரிக்கப் பெயிண்டர்கள் திண்டாடினார்கள். அதைப் பார்த்த ரிச்சர்ட் ட்ரூ 1925இல் டேப்பைக் கொண்டுவந்தார். ஐந்தே ஆண்டில், 1930இல், கண்ணாடி போன்ற செல்லோ டேப்பையும் அவரே கொடுத்தார்!

பழைய செய்தித்தாளைச் சுற்றி மறைக்கிறீர்களா? உஷார்! தின்னர் பட்டால் அச்சு மை இளகும். எழுத்து அப்படியே கார் மேல் ஏறிவிடும். வெள்ளைக் காராக இருந்தால் தலைப்புச் செய்தியே படிக்கலாம்!

டேப்பை எப்போது உரிப்பது? பெயிண்ட் கல்லாய் இறுகும்வரை காத்திருந்தால் விளிம்பு பிய்ந்து வரும். தொட்டால் ஒட்டாத பதத்தில், தன்மேலேயே மடித்தபடி மெல்ல இழுங்கள். விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல நிற்கும்!

கேனுக்குள் என்ன இருக்கிறது?

ஸ்ப்ரே கன் மருத்துவமனையில் பிறந்தது! அமெரிக்காவின் டொலிடோ நகரத்துத் தொண்டை மருத்துவர் ஆலன் டிவில்பிஸ், நோயாளிகளின் தொண்டையில் மருந்து தெளிக்க 1880களில் ஒரு கருவி செய்தார். மகன் தாமஸ் 1907இல் அதையே பெயிண்ட் அடிக்கத் திருப்பிவிட்டார்!

1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் கட்டடங்களுக்கு வெள்ளையடிக்கக் காற்றழுத்தத்தைப் பயன்படுத்திய ஓவியர் ஃபிரான்சிஸ் மில்லட். அவருடைய முடிவு? 1912இல் டைட்டானிக்கில்!

ஸ்ப்ரே பெயிண்ட் கேனைக் கொண்டுவந்தவர் எட்வர்ட் சீமோர், 1949இல். யோசனை சொன்னது மனைவி பான்னி! முதல் நிறம் அலுமினியம். வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் பூசச் செய்தது!

கேனை ஆட்டினால் கடகடவென்று சத்தம். உள்ளே ஒரு குண்டு உருள்கிறது! அடியில் படிந்த நிறத்தைக் கலக்குவது அதுதான். சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு முழுசாய் இரண்டு நிமிடம் ஆட்ட வேண்டும். பெரும்பாலோர் பத்து நொடியில் நிறுத்திவிடுகிறார்கள்!

பெயிண்டை வெளியே தள்ளுவது எது? பல கேன்களில் பியூட்டேனும் புரோபேனும். அதாவது, உங்கள் அடுப்பங்கரை சிலிண்டரில் இருக்கும் அதே வாயுக்கள்! காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியவே கூடாது!

அதற்கு முன் கேன்களில் இருந்தது சிஎஃப்சி வாயு. அது ஓசோனைத் தின்கிறது என்று மோலினாவும் ரோலண்டும் 1974இல் எச்சரித்தார்கள். 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம். 1995இல் அவர்களுக்கு நோபல்!

கேனின் மேல் எழுதியிருக்கும் எச்சரிக்கை: 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது. கோடை வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டேஷ்போர்டு? 70 டிகிரியைத் தாண்டும்! வாங்கிய கேனைக் காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்!

அடிக்க அடிக்கக் கேன் ஜில்லென்று ஆவது ஏன்? உள்ளே திரவமாய் இருக்கும் வாயு ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிவிடும். கேன் குளிர்ந்தால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பெயிண்ட் துளித்துளியாய்த் துப்பும். சற்று நேரம் வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினால் பழையபடி பாயும். கொதிநீர் கூடவே கூடாது!

கைக்கும் பாகத்துக்கும் 20 முதல் 30 சென்டிமீட்டர். கிட்டே போனால் வழியும். தள்ளிப் போனால் வழியிலேயே காய்ந்து சொரசொரக்கும். பத்தே சென்டிமீட்டர் வித்தியாசத்தில் வெற்றியும் தோல்வியும்!

முதல் கோட்டில் பழைய நிறம் மறையவே கூடாது! பனி படிந்தாற்போல் மெல்லிசாய் விழுந்தால் போதும். அடுத்தடுத்த கோட்டுகள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரே கோட்டில் மறைக்கப் பார்த்தவர்களுக்குக் கிடைப்பது கண்ணீர்க் கோடுகள்!

ஒவ்வொரு வீச்சும் முந்தையதைப் பாதி மூட வேண்டும். பொத்தானை அழுத்துவதும் விடுவதும் பாகத்துக்கு வெளியே, வெற்றுக் காற்றில்! கெட்டிப் புள்ளிகள் எல்லாம் விழுவது அழுத்தும் அந்த முதல் கணத்தில்தான்.

சில கேன்களில், ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த கோட், இல்லாவிட்டால் 48 மணி நேரம் கழித்து என்று எழுதியிருப்பார்கள். நடுவில் அடித்தால்? அரைகுறையாய்க் காய்ந்த அடிப்பூச்சு வீங்கிச் சுருங்கிவிடும். மொத்தத்தையும் மறுபடி தேய்க்க வேண்டியதுதான்!

ஒரு காலத்தில் காருக்குத் தூரிகையால் வார்னிஷ் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆனது. 1920களில் டியூபான்ட் கம்பெனியின் டியூகோ லாக்கர் வந்தது. வாரங்கள் மணிக்கணக்காய்ச் சுருங்கின! நம் ஒர்க்ஷாப் போர்டுகளில் டியூகோ பெயிண்டிங் என்று இன்றும் எழுதுகிறார்கள்!

அந்த லாக்கரின் மூலப்பொருள் நைட்ரோசெல்லுலோஸ். துப்பாக்கி மருந்துக்கும் அதுவே மூலம்! நீலகிரி அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை 1903இல் அமைந்தது அதை நம்பித்தான். நகப் பூச்சிலும் அதே நைட்ரோசெல்லுலோஸ்! போர்க்களம், கார், விரல் நகம் மூன்றுக்கும் ஒரே பொருள்!

மழை வருது! நிறுத்துங்க!

கேரளத்துக்குத் தென்மேற்குப் பருவமழை வழக்கமாய் வந்து இறங்கும் தேதி ஜூன் 1. திருவனந்தபுரத்துக்கு அது போதாதென்று வடகிழக்குப் பருவமழையும் உண்டு! பெயிண்ட் அடிக்க ஜனவரியும் பிப்ரவரியும்தான் பொன்னான மாதங்கள்.

ஈரக்காற்றில் அடித்த லாக்கர் பால்போல் வெளுத்துவிடும்! கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அங்கேயே பனியாய் இறங்கிப் பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. ஒர்க்ஷாப்காரர்களின் மருந்து, மெதுவாய் ஆவியாகும் தின்னர்!

பிளாஸ்டிக்கைத் துணியால் துடைத்த உடனே அதில் ஏறும் நிலைமின்சாரம் எவ்வளவு? ஆயிரக்கணக்கான வோல்ட்டைக்கூடத் தொடும்! அறையில் மிதக்கும் தூசியெல்லாம் ஓடிவந்து ஒட்டும். துடைத்துச் சற்று விட்டு அடியுங்கள்.

தூசியை அடக்கக் காசே வேண்டாம். அடிக்கும் முன் முற்றத்துத் தரையில் தண்ணீர் தெளித்துவிடுங்கள். நம் வீட்டு வாசலில் தினமும் காலையில் நடப்பதுதான்! பெரிய ஒர்க்ஷாப்களும் இதையே செய்கின்றன.

மூக்கைக் காப்பாற்றுங்கள்!

துணி மாஸ்க் தூசியைத் தடுக்கும். பெயிண்ட் ஆவியைத் தடுக்குமா? துளிகூடத் தடுக்காது! அதற்கு வேண்டியது கரிப்பெட்டி பொருத்திய மாஸ்க். அந்தக் கரியில் உயர்ந்த ரகம் எதிலிருந்து வருகிறது? தேங்காய்ச் சிரட்டையிலிருந்து!

சிரட்டையைச் சுட்டுப் பக்குவப்படுத்திய கரி ஒரே ஒரு கிராம் எடுங்கள். அதன் துளைகளை எல்லாம் விரித்துப் போட்டால் 1,000 சதுர மீட்டர்! நம் கணக்கில் கிட்டத்தட்ட 25 சென்ட் நிலம்! ஒரு கிராமில்!

முதல் உலகப் போரில் விஷவாயு மாஸ்க்குகளுக்குள் போனதும் சிரட்டைக்கரி! அமெரிக்காவில் பீச் பழக் கொட்டைகளைக்கூட மக்களிடம் கேட்டு வாங்கிச் சுட்டார்கள்!

ஹார்டனர் கலக்கும் டூகே பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது. 1984இல் போபாலில் கசிந்த வாயுவும் அதே ரசாயனக் குடும்பம்! இது ஆஸ்துமாவை வரவழைக்கும். அதனால் டூகே வேலையை மட்டும் வெளிக்காற்றுக் குழாயோடு மாஸ்க் வைத்திருக்கும் ஒர்க்ஷாப்புக்கே விட்டுவிடுங்கள். வீட்டுக்குச் சாதாரண, ஹார்டனர் இல்லாத ஒன்கே கேனே போதும்!

ஹார்டனரோடு இறுகும் இந்தப் பாலியூரித்தேனின் தந்தை ஓட்டோ பேயர். ஆண்டு 1937. வேலை பார்த்தது பேயர் கம்பெனியின் லெவர்கூசன் ஆய்வகத்தில். கம்பெனியின் நிறுவனர் குடும்பத்துக்கும் இவருக்கும் உறவே கிடையாது!

நிறத்துக்கும் சட்டம் உண்டு!

பழவங்காடி கணபதி கோயிலைப் பராமரிப்பது யார் தெரியுமா? இந்திய ராணுவம்! மெட்ராஸ் ரெஜிமென்ட்! இந்தப் பிள்ளையார் பத்மநாபபுரத்திலிருந்து நாயர் படையோடு வந்தவர். அந்தப் பத்மநாபபுரம் இன்று தமிழ்நாட்டில் இருக்கிறது!

ராணுவம் என்றதும் இன்னொன்று! உங்கள் காருக்கு ஆலிவ் பச்சை அடிக்க முடியாது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி அந்த நிறத்தைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே ஒதுக்கிவிட்டது!

மிரர் கவரை மட்டும் கறுப்பாக்கலாம். கார் உடலின் நிறத்தையே மாற்றினால்? ஆர்.சி. புத்தகத்திலும் நிறம் மாற வேண்டும்!

டூரிஸ்ட் பஸ்ஸின் மேல் சினிமா நடிகர், டிராகன், மின்னல் என்று வரைந்து தள்ளிய கேரளம், 2022இல் எல்லாவற்றுக்கும் வெள்ளையைக் கட்டாயமாக்கியது!

ஃபோர்டு மாடல் டி கார் 1914 முதல் 1925 வரை ஒரே நிறத்தில் வந்தது. கறுப்பு! பி.எம்.டபிள்யூ 2019இல் காட்டிய வான்டாபிளாக் எக்ஸ்6 அதையும் விழுங்கியது. அதன் மேல் விழும் ஒளியில் சுமார் 99 சதவீதம் திரும்பி வராது!

உங்கள் காரின் சரியான நிறம் எது? வெள்ளை என்று சொன்னால் கடைக்காரருக்குப் போதாது! கதவு நிலையிலோ பானட்டுக்கு அடியிலோ இருக்கும் தகட்டில் நிறக் குறியீடு உண்டு. அதைக் குறித்துக்கொண்டு போங்கள்.

சில்வர் பெயிண்டில் மின்னுவது அலுமினியச் செதில்கள். ஈரமாய் அடித்தால் நிறம் கறுக்கும். உலர்வாய் அடித்தால் வெளுக்கும். ஒரே கேன், இரண்டு பேர் கை, இரண்டு நிறம்!

ரோபோக்கள் நிறைந்த இந்தக் காலத்திலும் ரோல்ஸ்-ராய்ஸ் காரின் பக்கவாட்டுக் கோடு கையால் இழுக்கப்படுகிறது. தூரிகையில் அணில் முடி!

அடித்தாச்சு! ஜெயித்தாச்சா?

காய்ந்துவிட்டதா என்று நகத்தால் கீறிப் பார்க்காதீர்கள். மூக்கை வைத்துப் பாருங்கள்! கரைப்பான் வாடை வருகிறதென்றால் உள்ளே இன்னும் ஈரம். தொட ஒரு மணி நேரம் போதும். முழுசாய் இறுக நாட்கள் ஆகும்!

உலகமெங்கும் பெயிண்ட் ஆய்வகங்கள் செய்யும் ஒரு சோதனையை நீங்களும் செய்யலாம். ஐஎஸ்ஓ 2409 என்று பெயர். தேவை ஒரு பிளேடும் ஒரு துண்டு டேப்பும்! கழித்துப் போட்ட பழைய ட்ரிம் துண்டு ஒன்றையும் அதே முறையில் கழுவி, தேய்த்து, அடித்துக் காயவையுங்கள். அதன் மேல் குறுக்கே ஆறு கீறல், நெடுக்கே ஆறு கீறல். டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள்!

கட்டங்கள் பெயர்ந்து வந்தால் கேனைத் திட்டாதீர்கள். கேனை ஆட்டுவதற்கு முன்பே தோற்றிருக்கிறீர்கள்! கழுவியதில் குறை, தேய்த்ததில் குறை, அல்லது அட்ஹீஷன் புரமோட்டரை மறந்தது. பெயிண்ட் வேலையின் ஜெயமும் தோல்வியும் பெயிண்டுக்கு முந்தைய வேலையில்தான்!

ஆறுக்கு ஆறு கீறினால் எத்தனை கட்டம் வரும்? 25! அத்தனையும் அசையாமல் நின்றால் உங்களுக்கு மதிப்பெண் பூஜ்யம். அந்தச் சோதனையில் முதலிடமே பூஜ்யத்துக்குத்தான்!